லோகநாதன் ஓடத் தொடங்கிவிட்டார்

வலது கையில் புதுசு, இடது கையில் பழசு. இரண்டு கையிலும் வாட்ச் கட்டிக்கொண்டு ஓர் ஆள் கடைக்கு நடுவில் நின்றால் பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா என்று பூபதிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கழற்றத் தோன்றவில்லை, எதைக் கழற்றுவது என்பதுதானே கொஞ்ச நாளாக வீட்டில் நடக்கிற பஞ்சாயத்து. காலையில் ஓடுகிறவர்கள் கட்டுகிற வாட்ச். ஆகாயத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டைப் பிடித்து, நீ இன்ன ரோட்டில் இன்ன வேகத்தில் ஓடுகிறாய் என்று சொல்லிவிடும். விளையாட்டுச் சாமான் விற்கிற அந்தக் கடைக்குள் ஏசி பிடரியில் ஊதியது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர் சாயங்கால வெயிலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சட்டையில் அபிநயா என்று பேர் குத்தியிருந்த விற்பனைப் பெண், "நல்லா டைட்டா கட்டிக்கோங்க சார், அப்பத்தான் ஹார்ட் பீட் கரெக்டா காட்டும்" என்றாள். "பேட்டரி நிக்கும் சார். மேப் இருக்குது. மழையில நனையலாம். நீங்க எப்படித் தூங்கறீங்கன்னுகூடச் சொல்லும் சார்." தூங்குகிறவனுக்குத் தெரியாதா எப்படித் தூங்குகிறான் என்று. ஷூ போட்டுப் பார்க்கிறவர்களுக்காகப் போட்டிருந்த குட்டை ஸ்டூலில் அவன் மனைவி கோகிலா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷன் மிக்ஸி வாங்கவே ஊரில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடையில் போய் வாங்குகிற ஜாதி என்பது அவளுக்குத் தெரியாததா, அதனால் பொறுமையாகத்தான் இருந்தாள். இது மிக்ஸி இல்லையே. பூபதி வலது கையைப் பார்த்தான், இதயத்துடிப்பு ஓர் எண். இடது கையைப் பார்த்தான், வேறோர் எண், கொஞ்சம் குறைவு. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், எப்படி இரண்டு துடிப்பு? பழசு அப்படித்தான் சார், கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும் என்றாள் அபிநயா. அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. இடது கையில் இருப்பது செத்துப்போன அண்ணனின் வாட்ச் என்று அவளிடம் சொல்லவா முடியும்.

அண்ணன் லோகநாதன். கோபியில் விதைக்கடை வைத்திருந்தவர், தொப்பையைக் குறைக்க ஓட ஆரம்பித்து, தொப்பை போன பிறகும் நிறுத்தாதவர். வாய்க்கால் மேட்டு ரோட்டில் விடிந்தும் விடியாமல் ஓடுவார். போன மாசியில் அங்கேயே விழுந்தார். அவ்வளவுதான். நெஞ்சைப் பிடித்தார் என்கிறார்கள், பிடிக்கவேயில்லை அப்படியே மடிந்து உட்கார்ந்தார் என்கிறார்கள், பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், பூபதிக்கு இரண்டுமே கண்ணை மூடினால் தெரிகிறது. கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஈஸ்வரி அண்ணி உள்ளே கூப்பிட்டு அந்த வாட்ச்சைக் கையில் கொடுத்தார். "வேட்டி சட்டையெல்லாம் யாராரோ எடுத்துக்கட்டும் தம்பி, இது உங்களுக்குத்தான். நீங்க போட்டுக்குவீங்கன்னு சொல்லிட்டே இருப்பாரு." சொல்லிட்டே இருப்பாரா, எப்போது சொன்னார், நான் என்ன தொப்பையா வைத்திருந்தேன் என்று அந்த நேரத்திலும் ஒரு சின்னக் கோபம் வந்தது, பிறகு அதற்காக அழுகை வந்தது. கோயமுத்தூர் வந்து சார்ஜில் போட்டான். உயிர் வந்ததும் வாட்ச் முதல் காரியமாக ஒரு சந்தோஷச் சேதி சொன்னது. வாழ்த்துகள் லோகநாதன், இதுவே உங்கள் அதிவேகக் கிலோமீட்டர். பூபதிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்த யாரும் அந்தப் பொத்தானை அமுக்கவில்லை. அண்ணன் விழுந்தும் வாட்ச் ஓடிக்கொண்டேயிருந்திருக்கிறது, நூத்தியெட்டு வண்டியில் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளைத்துணியில் வீட்டுக்குத் திரும்பி, கூடத்தில் படுத்து, பேட்டரி தீருகிற வரைக்கும். வண்டி பறந்த வேகத்தை அண்ணனுடைய காலின் கணக்கில் எழுதிவைத்துவிட்டது. இன்றைக்கும் பூபதி ஓடி முடித்ததும் அது ஒப்பிட்டுக் காட்டும், உங்கள் பழைய சாதனையை இன்னும் முறியடிக்கவில்லை என்று. முறியடிக்க வேண்டுமென்றால் எப்படிப் போக வேண்டும் என்று அதற்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

பேரை மாற்றியிருக்கலாம். அதுதான் கோகிலா கேட்கிறாள், பேரை மாத்தறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்ங்க? வாட்ச் அண்ணனுடைய கணக்கில்தான் திறக்கும் என்றது. பாஸ்வேர்டு கேட்க அண்ணிக்குப் போன் போட்டான். அண்ணி தயங்கினார். "என் பேரும் அவரு பேரும் சேந்துதான் தம்பி" என்றார். சொல்லுங்க அண்ணி, சேத்துச் சொல்லுங்க என்றான் இவன், புத்தி கெட்டவன், அண்ணி அண்ணன் பேரை வாயால் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிற ஆளைச் சொல்லச் சொல்லுகிறவர். பிறகு இங்கிலீஷ் எழுத்தாக ஒவ்வொன்றாகச் சொன்னார். எல். ஓ. ஜி. யு. லோகு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து சொல்லாத பேரைக் கொழுந்தனுக்காக எழுத்தெழுத்தாக உடைத்துக் கொடுத்தார். அதைத் தட்டி உள்ளே நுழைந்தவனுக்கு அதற்குப் பிறகு அந்த இடத்தில் பூபதி என்று எப்படி எழுத முடியும்? நாளைக்கு மாத்திக்கலாம், நாளைக்கு மாத்திக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். வயசும் அண்ணனுடையது, எடையும் அண்ணனுடையது, ரேஸ்கோர்ஸைச் சுற்றி ஓடுகிற கால் மட்டும் இவனுடையது. ஆரம்பத்தில் அதில் ஒரு சுகம்கூட இருந்தது, ஒளிப்பானேன். வாங்க லோகநாதன் என்று காலையில் அது கூப்பிடும்போது வீட்டில் அண்ணன் இன்னும் எழுந்திருக்கிறார் என்பது போல. ஓடும்போது அண்ணன் மூச்சு பக்கத்தில் கேட்கும், அண்ணன் ஓடினால் வாயைத் திறந்துகொண்டு ஊ ஊ என்று ஊதுவார், அந்த ஊதல். பக்கத்தில் யாரோ ஊதுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான், ஊதுவது தன் வாய்தான். நான் எப்போது இப்படி ஊத ஆரம்பித்தேன்?

"மேப்பு எப்படித் தெரியுதுன்னு காட்டறேன் பாருங்க சார்" என்று அபிநயா அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். கறுப்புக் கண்ணாடிக்குள் வெள்ளைக் கோடுகள், நடுவில் நீலமாக ஒரு புள்ளி. புள்ளி விட்டுவிட்டுத் துடித்தது. "இதுதான் சார் நீங்க." இதுதான் நான். வாட்ச் வாங்குவதா வேண்டாமா என்று கேட்டால், இந்தப் புள்ளியைத்தான் கேட்க வேண்டும். சில வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, ரேஸ்கோர்ஸில் பாதிச் சுற்று ஓடியிருப்பான், விலாவில் பிடித்துக்கொண்டது, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தான். நடைப்பயிற்சிக்காரர்கள் அரசியல் பேசிக்கொண்டு போனார்கள், அருகம்புல் ஜூஸ் விற்கிறவன் டம்ளரைக் கழுவினான், காற்று சுகமாக வீசியது, அப்படியே கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டான். போன் அடித்தது. ஈஸ்வரி அண்ணி. இவ்வளவு காலையில் அண்ணி கூப்பிட்டால் யாருக்கு என்னவோ என்று பதறி எடுத்தான்.

"ஏனுங்க தம்பி, நின்னுட்டீங்க?"

ஹலோ இல்லை, ஒன்றுமில்லை. அந்தக் குரலில் மூச்சே இல்லை. "எங்கீங்க அண்ணி நின்னேன்?" என்றான் முட்டாள்தனமாக. "அங்கதான், வளைவுல. சித்த நேரமா அசையவே காணோம். நல்லாத்தான இருக்கீங்க? பேசுங்க தம்பி, வாயத் தொறந்து பேசுங்க." பூபதி எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தான். ஜூஸ்காரனைப் பார்த்தான், மரத்துக்கு மேலேகூடப் பார்த்தான். அண்ணி கோபியில் இருக்கிறார், அங்கிருந்து நான் உட்கார்ந்த பெஞ்சு எப்படித் தெரிகிறது? அப்புறம் அண்ணி சொன்னார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அண்ணன் ஓடுகிற காலத்தில் அண்ணிக்கு மெசேஜ் வருகிற மாதிரி அண்ணனே செய்துவைத்தது. அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. "லோக... உங்கண்ணன் பேரைப் போட்டு, ஓடத் தொடங்கிவிட்டார்னு வருது தம்பி. தொட்டா மேப்பு வருது. புள்ளி போவுது. நீங்கதான்னு தெரியும். தெரியாம என்ன, கோபியில கெடந்த புள்ளி கோயமுத்தூர்ல போவுது. இருந்தாலும் பாத்துட்டே ஒக்காந்திருவேன். முடித்துவிட்டார்னு அடுத்த மெசேஜ் வந்தாத்தான் எனக்கு எந்திரிச்சு அடுப்பப் பத்தவைக்கவே தோணுது."

அட கெரகமே. அப்படியானால் வைகாசியில், ஆனியில், ஆடிக்காற்றில், ஒவ்வொரு நாள் காலையிலும் அண்ணி போனுக்கு முன்னால் உட்கார்ந்து செத்துப்போன புருஷன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று முதல் பூபதிக்கு நிற்க முடிவதில்லை. இதைக் கோகிலாவிடம் எப்படிச் சொன்னாலும் அவளுக்குப் பைத்தியமாகத்தான் படுகிறது. தண்ணீர் குடிக்க நின்றால் புள்ளி நிற்கும். ஷூக் கயிறு அவிழ்ந்தால் அவிழ்ந்தபடியே ஓடுகிறான். சிக்னலில் பஸ் குறுக்கே போனால் நின்ற இடத்திலேயே சின்ன வட்டமாகச் சுற்றுகிறான், பஸ்ஸில் இருக்கிற ஜனம் வேடிக்கை பார்க்கிறது. தெரிந்தவர்கள் என்னங்க பூபதி என்று கை நீட்டினால் நீட்டிய கையைத் தொட்டுவிட்டு ஓடுகிறான், ஆளுக்குத் திமிர் வந்துவிட்டது என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்களாம். முழங்கால் ஊதியிருக்கிறது. நிறுத்திக்கொள்ளலாமே, இன்றைக்கு வேண்டாம் என்று படுத்துக்கொள்ளலாமே? படுத்துப் பார்த்தான் ஒருநாள். கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கோபியில் அண்ணி எழுந்திருப்பார், முகம் கழுவியிருப்பார், போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஓடத் தொடங்கிவிட்டார் வரவில்லை, ஏன் வரவில்லை, இவருக்கும் என்னவாவது. போர்வையை உதறிவிட்டு எழுந்து ஓடினான். நோவு முழங்காலிலிருந்து ஏறி இடுப்புக்கு வந்தது. ஓடும்போது அண்ணியின் கண் முதுகில் பட்டுக்கொண்டேயிருக்கிறது. பாசமான கண்தான். அதுதான் பாரமாக இருக்கிறது.

"இதுல வேற கலர் இருக்குதாம்மா?" என்று கோகிலா கேட்டாள். கலரா இப்போது பிரச்சினை. ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் பயந்துபோயிருக்கிறாள். ஒருநாள் அவன் குளிக்கும்போது பழைய வாட்ச் மேஜையில் கிடந்து அதிர்ந்திருக்கிறது, எடுத்துப் பார்த்தவள் அலறிவிட்டாள், லோகநாதன் நீங்கள் வெகுநேரமாக அசையவில்லை, கொஞ்சம் எழுந்து நடங்கள் என்று போட்டிருந்ததாம். ஈரத்தலையோடு ஓடிவந்தவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "செத்தவரு பேர்ல ஓடறீங்க. அவரு வயசப் போட்டுட்டு ஓடறீங்க. எமனுக்கு அட்ரஸ் தப்பாப் போயிரும்ங்க." சிரிக்கத்தான் செய்தான். ராத்திரி படுத்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. அண்ணன் போன வயசைப் பூபதி தொட இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. பேட்டரி பழசாகிவிட்டது, பட்டை நைந்துவிட்டது, புதுசு வாங்கிக்கலாம் என்று அவள் சாமர்த்தியமாகப் பேச்சைத் திருப்பினாள், அவனும் அதைப் பிடித்துக்கொண்டான். ஏனென்றால் இன்னொரு வழியையும் அவன் பார்த்தாயிற்று. அமைப்புகளுக்குள் போய், தொடர்புகளுக்குள் போய், அங்கே ஈஸ்வரி என்று இருந்ததைத் தொட்டால் வாட்ச் கேட்டது, ஈஸ்வரியை நீக்கவா? ஆம், இல்லை. விரல் ஆம் மேல் நின்றது, இல்லை என்பதை அமுக்கிவிட்டு வந்துவிட்டான். புதுசு வாங்கினால் நீக்க வேண்டியதில்லை. தானாக நின்றுபோகும். பழசு மேஜை டிராயரில் பேட்டரி தீர்ந்து கிடக்கும், யாரும் யாரையும் நீக்கவில்லை. கோழைத்தனம்தான், தெரிந்துதான் கடைக்கு வந்திருக்கிறான். ஆனால் நாளைக்குக் காலையில்? அண்ணியின் போனுக்கு நாளைக்குக் காலையில் ஒன்றும் வராதே. அண்ணன் இரண்டாவது தடவை விழுந்த மாதிரி ஆகாதா அது? இந்த வாட்ச் எவ்வளவுதான் நல்ல வாட்ச்சாக இருந்தாலும் அதற்கு ஈடாகுமா?

"பழைய அக்கவுண்ட்டையே இதுலயும் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டான், கோகிலாவின் முகத்தைப் பார்க்காமல். "தாராளமா சார்! பழைய டேட்டா எல்லாம் அப்படியே வந்துரும். உங்க பெஸ்ட் ரெக்கார்டு எதுவும் போகாது." போகாதாம். அதிவேகக் கிலோமீட்டர் போகாதாம். ஸ்டூலில் கைப்பையின் ஜிப் ஒருமுறை திறந்து மூடியது, அது கோகிலாவுக்குக் கோபம் வந்தால் செய்கிற காரியம். முடித்துவிட்டார் என்று மெசேஜ் வந்தால்தான் அடுப்பு. முடித்துவிட்டார். அந்தச் சொல்லைத்தான் பூபதியால் தாங்க முடிவதில்லை. மாசியில் அன்றைக்கு அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கோபியிலிருந்து அண்ணனின் பக்கத்து வீட்டு வாத்தியார் போனில் கூப்பிட்டார். "பூபதி, உடனே கெளம்பி வாங்க. முடிஞ்சிருச்சு." வாயில் பேஸ்ட் நுரை. அண்ணன் மகள் சங்கவிக்குப் பெருந்துறைப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, அந்த வாரம் வருகிறோம், இந்த வாரம் சொல்கிறோம் என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். முடிந்துவிட்டது என்றால் அதுதானே முடிந்திருக்க வேண்டும், ஊர் உலகத்தில் பெண்ணுக்கு முடிந்துவிட்டது என்றுதானே சொல்கிறோம்? "ரொம்பச் சந்தோசம்ங்க வாத்தியாரே!" என்று கத்தினான். "எனக்குத் தெரியும்ங்க, முடியும்னு. வர்றப்ப ஸ்வீட் வாங்கிட்டு வர்றேன்." பின்னால் ஒரு பெண்ணின் அழுகை கேட்டது. பிறகுதான் வாத்தியார், "இல்லைங்க பூபதி, அண்ணன்" என்றார். நுரை தொண்டைக்குள் இறங்கியது. அண்ணன் செத்த செய்திக்குச் சந்தோசம் சொன்ன தம்பி. வாத்தியார் பெரிய மனுஷன், யாரிடமும் சொல்லவில்லை, எழவு வீட்டில் இவன் கையைப் பிடித்து ஒருமுறை அமுக்கினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சில் முடிந்தது என்றாலும் சரி, ஆபீஸில் ஆடிட் முடிந்தது என்றாலும் சரி, பூபதிக்குப் பேஸ்ட் வாசம் வந்துவிடும். அதே சொல்லைத்தான் தினமும் காலையில் கட்டைவிரலால் அமுக்கி அண்ணிக்கு அனுப்புகிறான். ஓட்டத்தை முடிக்கவா? முடி. போகிறது. லோகநாதன் முடித்துவிட்டார். அண்ணிக்கு அன்றைக்கு வராமல்போன மெசேஜ் அது. தினமும் ஒன்று கொடுத்தால் அந்த ஒன்று ஈடாகிவிடுமா?

"ரோசன பண்ணிட்டே நின்னா கடையச் சாத்திருவாங்க" என்றாள் கோகிலா. "அண்ணிகிட்டக் கேட்டுருங்க. அவங்க வேண்டாம்னா நானும் வேண்டாம்னுட்டு வர்றேன்." கேட்டுவிடலாம்தான். கேட்டால் என்ன சொல்வார், மாத்திக்கோங்க தம்பி என்பார், அந்தக் குரல் உடைகிற சத்தத்தை யார் கேட்பது? கை தானாகப் போனை எடுத்துவிட்டது. கிரிக்கெட் மட்டை அடுக்கியிருந்த மூலைக்குப் போனான். மட்டைகளின் எண்ணெய் வாசம். அண்ணி எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க தம்பி. கோகிலா சொகமா?" குக்கர் விசில், டிவியில் யாரோ சண்டை. பூபதி சுற்றிவளைத்தான், பட்டை நைந்ததைச் சொன்னான், பேட்டரியைச் சொன்னான். "புதுசு ஒண்ணு வாங்கலாம்னு கடைக்கு வந்தோம்ங்க அண்ணி. வாங்குனா அது என் பேர்லதான் இருக்கும். உங்களுக்கு அந்த மெசேஜ் வராதுங்க."

டிவி நின்றது. அண்ணிதான் நிறுத்தியிருக்க வேண்டும். "வராதுங்களா?"

"வராதுங்க அண்ணி."

"நெசமாலுமா தம்பி?" குரல் நடுங்கியது. பூபதி கண்ணை மூடிக்கொண்டான், இதைக் கேட்கத்தான் பயந்தேன், நாசமாய்ப் போகிற வாட்ச், வேண்டாம் அண்ணி நான் வாங்கவில்லை, பழசையே கட்டிக்கொள்கிறேன், முழங்கால் போனால் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அண்ணி, "அப்ப நாளைக்கு நான் எந்திரிக்க வேண்டாமா?" என்றார். "படுத்துத் தூங்கலாமா?"

அவனுக்குப் புரியவில்லை. "நீங்க ஆசையாப் பாக்கறீங்கன்னுதாங்க அண்ணி நான்..."

"ஆசையாவா? போங்க தம்பி நீங்க ஒண்ணு. உசுரக் கையில புடிச்சுட்டுப் பாப்பேன்." மூக்கை உறிஞ்சினார். "அன்னைக்கும் பாத்துட்டுத்தான இருந்தேன். பாலத்துக்கிட்ட நின்னுச்சு. டீக்கடையில வடை திங்கறாரு, டாக்டர் சொல்லியும் கேக்காம திங்கறாரு, வரட்டும் வாய மோந்து பாக்கறேன்னு ஒக்காந்திருந்தேன். அப்பறம் புள்ளி வேகமாப் போச்சு. யாரு வண்டியிலயோ தொத்திக்கிட்டு என்னை ஏமாத்தறாருன்னு சிரிச்சேன் தம்பி. நூத்தியெட்டுல கொண்டுபோறாங்க, நான் ஒக்காந்து சிரிச்சேன். இன்னொருக்கா அப்படி ஆயிரக்கூடாது, நின்னா அந்த நொடியே கூப்படோணும்னுதான் தெனமும் கண்ணக்கூடச் சிமிட்டாம பாக்கறேன். அலாரம் வெச்சு எந்திரிக்கறேன். கண்ணெல்லாம் எரியுது."

"சொல்லியிருக்கலாம்ல அண்ணி? நான் ஓடறதையே விட்டிருப்பேன்."

"எப்படிச் சொல்றது? நீங்க அண்ணன் பேர்ல ஓடறீங்க, உங்களுக்கு அதுல ஒரு ஆறுதல்னு நெனச்சேன். ஒருநாள் விடாம ஓடறீங்களே." பூபதிக்கு மட்டைகள் மேல் சாய வேண்டும்போல் இருந்தது. உங்களுக்காக அண்ணி, உங்களுக்காக அல்லவா நான், நிற்காமல். சொல்லவில்லை. சொன்னால் அதையும் அவர் தலையில் தூக்கிவைத்த மாதிரி ஆகும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடியலில் எழுப்பிக்கொண்டேயிருந்திருக்கிறோம், நடுவில் அண்ணன் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். "வாங்குங்க தம்பி" என்றார் அண்ணி. "நல்லதாப் பாத்து வாங்குங்க. அதுல எம்பேர மட்டும் போட்டுறாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவுது."

திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோகிலாவே, இதையே குடுங்க என்று அபிநயாவிடம் சொல்லிவிட்டாள். பழைய வாட்ச்சைக் கழற்றினான். மணிக்கட்டில் வெயில் படாத இடம் வெளுத்து, புதுத்தோல் போலக் கூசியது. அபிநயா அவன் போனை வாங்கி மளமளவென்று தட்டினாள், பேர் பூபதி, வயசு, எடை, எல்லாம் அவனுடையது, அவனுடைய சொந்த உடம்பை யாரோ திருப்பிக் கொடுப்பது போல ஒவ்வொன்றையும் சொன்னான். நாளைக்கு நிற்கலாம். பெஞ்சில் உட்காரலாம், கயிறு கட்டலாம், அருகம்புல் ஜூஸ் வாங்கிக் குடித்துக்கொண்டே அரசியல் பேசலாம். ஓடாமலே படுத்துக்கொள்ளலாம். அத்தனை சின்ன விஷயங்கள். "அவசரத்துக்கு யாரு நம்பருங்க சார் போடட்டும்?" என்றாள் அபிநயா.

"என்னோடது போடும்மா" என்று கோகிலா எழுந்து வந்தாள்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றான் பூபதி. குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஷூ பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். "வேண்டாம்னா விட்டுக்கூட விட்டுறலாம் மேடம், கட்டாயம் இல்லை" என்றாள் அபிநயா.

கோகிலா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அந்தப் பெண் முன்னால் வேறெப்படிச் சொல்வாள். "ஏனுங்க, அண்ணிக்குத் தெரியலாம், பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதா? இத்தன மாசமா நீங்க எந்த மூலையில ஓடறீங்க, எங்க நிக்கறீங்கன்னு கோபியில இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுது. பக்கத்துல படுத்துக் கெடக்கறவளுக்குத் தெரியல." கண்ணோரம் ஈரம் மின்னியது. இவ்வளவு நாளும் அவள் பயந்தது பேய்க்கு மட்டுமில்லை என்பது பூபதிக்கு அப்போதுதான் விளங்கியது. இல்லை கோகி, அது என்னவென்று உனக்குத் தெரியாது, அது வந்தால் அடுப்புப் பற்றாது, கண்ணைச் சிமிட்ட முடியாது, நான் தண்ணீர் குடிக்க நின்றால் உனக்கு உயிர் போகும், சிரிக்கக்கூட உனக்குப் பயமாக இருக்கும் என்று சொல்ல வேண்டும், எங்கே ஆரம்பிப்பது, இந்த ஷூ ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டா? அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் நம்பரைச் சொல்லி முடித்திருந்தாள், அபிநயா அதைத் தட்டி முடித்திருந்தாள். கைப்பைக்குள் போன் சிணுங்கியது. கோகிலா எடுத்தாள், எழுத்துக்கூட்டிப் படித்தாள், பூபதி உங்களைச் சேர்த்திருக்கிறார், அவர் ஓடும்போது உங்களுக்குத் தெரிவிக்கலாமா? "கேளுங்க, என்கிட்டயே பர்மிசன் கேக்குது" என்று சிரித்தாள். சரி என்பதை அமுக்கினாள். கல்யாணத்தன்று இருந்த மாதிரி முகமெல்லாம் அப்படியொரு சந்தோஷம்.